சம்பவத் தேதி

வலது சிலிப்பர் எங்கே கழன்றதென்று
எனக்குத் தெரியாது.
யந்திதான் கையில் எடுத்துக்கொண்டு
இருபத்திரண்டாம் நிரையிலிருந்து ஓடிவந்தாள்.
மண்ணின் சூடு, ஓலை முள், எறும்பு
ஒன்றும் மேலே வந்து சொல்லவில்லை.

அதற்கு முந்தின வாரமே
பாதம் தப்பென்று விழ ஆரம்பித்திருந்தது.
இல்லாத வாய்க்காலைத் தாண்டுகிறவள்போல
முட்டியைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.
"என்ன தனபாக்கியம்க்கா, போலீஸ் பரேடா?"
மண்டோர் சுகுமாறனுக்குச் சிரிப்பு.

பகாவ் கிளினிக்கில் ஒரு கடிதம் தந்து
சிரம்பானுக்கு அனுப்பினார்கள்.
அங்கே டாக்டர் ஹஸ்லினா
முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம்,
கொட்டைபோல் துருத்தும் எலும்பருகே
இரண்டு விரலால் தட்டினார்.
புறங்கால்வரை மின்னல் ஓடியது.
"இங்கேதான்," என்றார் மலாயில்.
"இந்த நரம்புக்கு ஒளிய இடமே இல்லை.
கீழே எலும்பு, மேலே தோல்.
ஒரு நாளில் எவ்வளவு நேரம் குந்துவீர்கள்?"

என்ன கேள்வி.
உதிரிப் பழத்தை நின்றுகொண்டு பொறுக்க
எனக்கென்ன தும்பிக்கையா?

வயர் ஒட்டினார்கள்.
எலும்புக்குக் கீழே கரண்ட் வைத்தால்
பாதம் துள்ளியது, கூடையில் விழுந்த மீன் மாதிரி.
மேலே வைத்தால் சும்மா கிடந்தது.
அப்போதுதான் விளங்கிற்று,
கால் செத்துப்போகவில்லை.
தலையிலிருந்து புறப்பட்ட பேச்சு
முட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது,
பாஸ் இல்லாமல் கேட்டில் நிற்கும்
லோரி மாதிரி.

நரம்புக் காயத்துக்கும் தரம் உண்டாம்.
தரம் எனக்குத் தெரியாததா?
மில் வாசலில் ஒருத்தன் குலையைப் புரட்டிப் புரட்டிப்
பழுத்தது, அரைப்பழம், காய் என்று
எங்கள் கூலியை வெட்டுவானே.
இது வேறு.
உறை மட்டும் நசுங்கியிருந்தால்
மருந்துப் பம்பின் குழாயை மிதித்த கதை,
காலை எடுத்தால் தண்ணீர் வரும்,
சில வாரம் பிடிக்கும்.
உள்ளே இழை அறுந்து குழாய் மிஞ்சியிருந்தால்
இழை மறுபடி வளரும்,
நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
குழாயோடு அறுந்திருந்தால்
காத்திருந்து புண்ணியமில்லை, கத்திதான்.
"உங்களுடையது முதல் வகை.
இரண்டாவதும் கொஞ்சம் கலந்திருக்கலாம்."
கலப்புக் குலை என்று நினைத்துக்கொண்டேன்.

குந்தக் கூடாது. கால்மேல் கால் கூடாது.
பாதத்தை நிமிர்த்திப் பிடிக்க
ஒரு பிளாஸ்டிக் பட்டை.
அசையாவிட்டாலும் பரவாயில்லை,
காலையும் மாலையும்
தூக்குவதாக நினையுங்கள் என்றார்.
வாழ்நாளில் முதல் தடவை
நினைப்பதை வேலையாகக் கொடுத்தார்கள்.

ஆபீஸில் கிராணி பத்மலோஷினி படிவம் நீட்டினாள்.
சம்பவத் தேதி. நேரம். இடம்.
எப்படி நேர்ந்தது,
விழுந்தா, வெட்டுப்பட்டா, குலை மேலே விழுந்தா?
"குந்தினேன்."
"அது விபத்து இல்லையேக்கா."
"அப்போ என்ன?"
பேனாவின் நுனியைக் கடித்தாள்.
நல்ல பெண்தான்.
அவளுக்குக் கொடுத்த கட்டங்கள் அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து
நானே எழுதினேன்.
தேதி: இரண்டாயிரத்தொன்று மார்ச்சிலிருந்து.
நேரம்: காலை ஆறரை தொடங்கி
பழம் கிடக்கும் வரை.
இடம் என்ற கோட்டில்
எல்லா நிரையும் என்று போட்டேன்.
எழுத்து கட்டத்தைத் தாண்டி
ஓரத்தில் போய் முட்டியது.

அதற்கு இன்னும் பதில் இல்லை.

முப்பத்தெட்டாம் நாள் விடிகாலை,
கோப்பி ஆறுவதற்குள்,
கட்டைவிரல் நிமிர்ந்தது.
பழத்தோலின் கனம்கூட இருக்காது.
யாரையும் கூப்பிடவில்லை.
இன்னொரு தடவை செய் என்றேன்.
செய்யவில்லை.
மண்டோர் குரலில் அதட்டிப் பார்த்தேன்.
ம்ஹூம்.

சரி, நாளைக்குப் பார்க்கலாம்.
சிலிப்பரை ராஃபியாக் கயிற்றால்
காலோடு சேர்த்துக் கட்டினேன்.